குற்றாலத்துக்கு அரை டன் தண்ணீர்

போன சனிக்கிழமை காலை ஏழே முக்கால் மணி. பாலவனத்தம் தாண்டி அரை கிலோமீட்டர்கூட இருக்காது. எங்கள் வேன் 'டம்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

புறப்பட்டது அருப்புக்கோட்டையில். போக வேண்டியது குற்றாலம். போய்ச் சேர்ந்ததோ... இந்தப் பக்கத்துக்காரர்கள் தூரத்தை மனதுக்குள் கணக்குப் போட்டுச் சிரித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன் — வீட்டில் காய்ச்சி இறக்கிவைத்த பால்கூட இன்னும் ஆறியிருக்காது.

வேன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு பழைய ஸ்கூல் வேன். வருஷக்கணக்கில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, ஓய்ந்துபோய், திருச்சுழி ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. நான் அதை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியதும் தெரு கூடிவிட்டது.

"என்ன சார், பள்ளிக்கூடம் ஆரம்பிக்கப் போறீகளா?"

"இல்ல. கேம்பர் வேன். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே வச்சுக் குடும்பத்தோட ஊர் சுத்தலாம். வீடே வண்டிக்குள்ள இருக்கும்."

"வீடுதான் இங்கேயே இருக்கே சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான். அவருக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

என் மனைவி சகாயமேரி கிராம சுகாதார நர்ஸ். நரிக்குடிப் பக்கம் வேலை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களிடம் அவள் தினமும் ஓதும் மந்திரம் ஒன்று உண்டு — "தண்ணி குடிங்கம்மா... நல்லா குடிங்க." இந்த மந்திரத்தை ஓதுகிறவள், காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுப்படி ஏறும்வரை ஒரு மடக்குக்கு மேல் குடிக்க மாட்டாள்.

வெளியூர்ப் பயணம் என்றால் கேட்கவே வேண்டாம். வேளாங்கண்ணியா, ராமேஸ்வரமா, சொந்தக்காரர் கல்யாணமா... "நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கிறேன்." இருபது வருஷமாக ஒரே பதில்.

நானும் அவளுக்கு ஊர் சுற்றப் பிடிக்காது என்றுதான் நினைத்தேன். நினைத்தால்கூடப் பரவாயில்லை, எழுதியும் தொலைத்தேன்! 'என் மனைவிக்கு வீடுதான் உலகம்' என்று இதே பக்கத்தில் நான் ஒருமுறை பெருமையடித்துக்கொண்டது சிலருக்கு நினைவிருக்கும். பாராட்டிக் கடிதம் போட்டவர்கள் தயவுசெய்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

போன வருஷம் அவளுக்குச் சிறுநீரகத்தில் கல். வலியில் துடித்துப்போனாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "நீங்களே நர்ஸ். நீங்களே தண்ணி குடிக்காம இருக்கலாமா?"

"குடிச்சா எங்க சார் போறது?" என்றாள் சகாயம்.

அவ்வளவுதான் சொன்னாள். இறங்குகிற ஊரில் கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் திறந்திருக்குமா, திறந்திருந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது நுழைய முடியுமா... இந்தக் கணக்கை இருபது வருஷமாக அவள் தனியாகப் போட்டிருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது. உடம்பெல்லாம் கூசிப்போனது. நம்மைப் போன்ற ஆண்களுக்கு என்ன... ஒரு மரம் கிடைத்தால் போதும். மரம் இல்லாவிட்டால் சுவர்.

அடுத்த மாதமே வேன் வாங்கிவிட்டேன்.

உள்வேலை முழுவதும் என் மச்சான் அந்தோணி. சகாயத்தின் அண்ணன், அருப்புக்கோட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் மடக்கினால் பெஞ்ச், விரித்தால் கட்டில். மெத்தை, பழைய கல்யாண மண்டபத்து சோபாவில் இருந்து உரித்தது. ஜன்னல் திரை, சகாயத்தின் பழைய காட்டன் சேலை. வெயிலுக்குப் பக்கவாட்டில் இழுத்துக் கட்ட ஒரு ஃப்ளெக்ஸ் — யாரோ ஒரு மணமக்கள் அதில் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மாற்றிக் கட்டிய வண்டிக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க அலைந்த கதையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

பின்பக்க மூலையில்தான் முக்கியமான சமாச்சாரம். தகரத்தில் ஒரு சின்ன அறை, உட்காரும் கழிப்பறை, கீழே இறுக மூடிய தொட்டி. கைப்பிடி, வெளிச்சத்துக்குச் சின்ன ஜன்னல், உள்ளே உறுதியான தாழ்ப்பாள். சகாயம் வந்து தாழ்ப்பாளைப் பத்து தடவை போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

"வழியில இது சரிப்பட்டா வாரேன். சரிப்படலேன்னா பாதியிலயே எறங்கிருவேன். அதுக்கப்புறம் என்னை எங்கயும் கூப்பிடக் கூடாது" என்றாள்.

இதுதான் ஒப்பந்தம். எனக்கு அது ஒரே ஒரு பரீட்சை... தோற்றால் மறுபடி எழுத முடியாது.

சரி, கழிப்பறை என்றால் தண்ணீர் வேண்டுமே? "மேல ஒரு நூறு லிட்டர் டேங்க் போதும் மச்சான்" என்றேன்.

அந்தோணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூறா? தீந்துபோனா யார் வீட்டு வாசல்ல போய் நிப்பீக மாப்ள?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று பார்த்து விருந்துக்கு நாள் குறிக்கிறவர்கள் நாங்கள். முந்நூறு லிட்டர் டேங்க் வேனின் தலையில் ஏறியது.

சனிக்கிழமை காலை, அந்தோணி டிரைவர் சீட்டில். நான் பக்கத்தில். பின்னால் சகாயமும், காலேஜ் படிக்கும் மகள் பெர்ஸியும். ஒரு செபத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். முழுசாக அரை மணி நேரம் பயணம் செய்தோம். பிறகுதான் அந்த 'டம்'.

அந்தோணி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் புழுதியோடு எழுந்தார்.

"கமான் பட்டை ரெண்டாப் போச்சு மாப்ள." வண்டியின் பாரத்தைத் தாங்குகிற இரும்புப் பட்டை அது. "முந்நூறு லிட்டர் தாங்கும்னு பாத்துத்தான டேங்க்கை வச்சேன்? வேற என்னத்த ஏத்துனீக?"

நான்தான் மெதுவாக ஆரம்பித்தேன். "என் சீட்டுக்கு அடியில... மூணு கேன் தண்ணி. ஒரு பாதுகாப்புக்கு."

"நான் கட்டிலுக்குக் கீழ ரெண்டு பெட்டி வாட்டர் பாட்டில் வச்சிருக்கேன்" என்றாள் பெர்ஸி.

சகாயம் திரையை விலக்கிக் காட்டினாள். துணியால் வாய் கட்டிய மூன்று குடங்கள்.

மூன்று பேரும் சேர்ந்து அந்தோணியைப் பார்த்தோம். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் அவரே பின்கதவைத் திறந்து, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பெரிய டிரம்களை வெளியே இழுத்தார். "டேங்க் ஒழுகுச்சுன்னா என்ன செய்றதுன்னுதான்..." என்றார்.

ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஆளாளுக்குக் கூட்டி ஏற்றியதில், டேங்க்கையும் சேர்த்துக் கிட்டத்தட்ட அரை டன் தண்ணீர்.

"அப்பா, ஒரு டவுட்டு" என்றாள் பெர்ஸி. "நாம எங்க போறோம்?"

"குற்றாலம்."

"அங்க என்ன இருக்கு?"

ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரித்தோம் பாருங்கள்... வயிறு வலிக்கச் சிரித்தோம். அருவிக்குத் தண்ணீர் கொண்டுபோன குடும்பம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

சகாயம் மட்டும் சிரிப்பைச் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். காரணம் இருந்தது. அந்தோணி போன் போட்ட மெக்கானிக், விருதுநகரில் இருந்து புதுப் பட்டையோடு வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு கண்டிஷனும் போட்டார் — வண்டியைக் காலி பண்ணி வைக்க வேண்டும். லோடோடு இருந்தால் ஜாக்கியில் தூக்க மாட்டார்.

"தண்ணி போச்சுன்னா பாத்ரூமும் போச்சு" என்றாள் சகாயம். "அருப்புக்கோட்டைக்கு அடுத்த பஸ்ஸு எப்ப?" அவள் கையில் பை ஏறிவிட்டது. பரீட்சை பாலவனத்தத்திலேயே முடியப் போகிறதா?

இதற்கிடையே இன்னொரு கஷ்டம். அந்தோணி டேங்க் குழாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார், திறக்க முடியவில்லை. குடிதண்ணீரைத் தரையில் ஊற்றுவதா? இந்த மண்ணில் பிறந்த யாருக்கு மனசு வரும்? "நீங்க தொறங்க மாப்ள" என்றார். "எனக்கு வேண்டாம் மச்சான்" என்று நான் பின்வாங்கிவிட்டேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய். உள்ளே நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. பெர்ஸி ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள். பத்துப் பதினைந்து பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, குடமும் கேனுமாக வந்துவிட்டார்கள். செய்தி எப்படிப் போனதோ, பக்கத்து வீடுகளில் இருந்தும் ஆட்கள். தள்ளுமுள்ளு இல்லை. வரிசையில் நின்று பிடித்தார்கள். டேங்க்கில் தண்ணீர் இறங்க இறங்க, வேனும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

கடைசிக் குடம் மட்டும் மிச்சம். சகாயம் பையோடு ரோட்டோரமாக நிற்கிறாள், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு. அப்போது ஒரு அம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் துண்டு. பேர் பேச்சி என்று பிறகு தெரிந்தது.

"யக்கா... உள்ள பாத்ரூமு இருக்காம்ல? உங்க புள்ள சொல்லுச்சு."

"ஆமா."

"நான் ஒருக்காப் போயிக்கிறட்டுமா? விடியமுன்ன வீட்ல போனது. இங்கிட்டு ஆம்பளைக வேற நிக்கிறாக. கரையில ஒரு முள்ளுப் பொதரு இருந்துச்சு. போன வாரம் அதையும் நாங்களே வெட்டிப்புட்டோம்."

"தண்ணியாவது குடிச்சியா?" என்றாள் சகாயம். நர்ஸ் புத்தி.

"குடிச்சா எங்கக்கா போறது?"

சகாயத்துக்குக் கண் கலங்கியதா என்று தெரியவில்லை. எனக்குக் கலங்கியது. பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "அண்ணே! அந்தக் கொடத்த யாரும் தொடக் கூடாது. நீயும் இவுகளும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயித் திரும்பி நில்லுங்க."

'இவுக' என்றது என்னைத்தான். போனோம். நின்றோம். முதுகுக்குப் பின்னால் சகாயத்தின் குரல் மட்டும் கேட்டது. "தாழ்ப்பாள மேல தள்ளணும்... ஒரு செம்பு தண்ணி போதும்... வெளிய நான் நிக்கிறேன், பயப்படாத." பேச்சிக்குப் பிறகு இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. தண்ணீருக்கு நின்றதைவிட இந்த வரிசையில்தான் சிரிப்புச் சத்தம் அதிகம். "ஏய், சீக்கிரம் வாடி, உள்ளயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று ஒரு குரல். வேனே குலுங்கும்படி எல்லோரும் சிரித்தார்கள்.

நடுவில் அருப்புக்கோட்டை பஸ் வந்தது. வேகம் குறைத்தது.

"வரல, நீங்க போங்க!" என்றாள் சகாயம் கண்டக்டரிடம்.

எல்லோரும் முடித்த பிறகு பேச்சி சொன்னது எனக்கும் கேட்டது. "யக்கா, நீங்க போகலியா? போங்க, நாங்க காவலுக்கு நிக்கிறோம்."

"இத்தன பேரு நிக்கயிலயா..." என்று இழுத்தாள் சகாயம்.

"நாங்க போகலியா?"

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது. பரீட்சை பாஸ்!

திரும்பிப் பார்க்க அனுமதி கிடைத்தபோது, சகாயம் வேன் படியில் உட்கார்ந்து பேச்சியோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அண்ணாந்து, மடக்மடக்கென்று, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வீட்டுக்கு வெளியே என் மனைவி ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்ததை இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நம் வீட்டில் 'எனக்கு ஊர் சுத்தப் புடிக்காது' என்று சொல்கிற பெண் யாராவது இருந்தால், ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் — நிஜமாகவே பிடிக்காதா என்று. வேன் வாங்க வேண்டும் என்பதில்லை. கேட்டால் போதும். பதில் வரும்போது பக்கத்தில் உட்காரக் கொஞ்சம் தைரியம் வேண்டும், அவ்வளவுதான்.

மெக்கானிக் வந்து பட்டையை மாற்றி முடிக்கப் பத்தரை ஆகிவிட்டது. கிளம்பும் நேரத்தில் பேச்சியும் இன்னொரு பெண்ணும் எங்கள் தண்ணீரிலேயே இரண்டு குடத்தைத் திருப்பிக் கொண்டுவந்து ஏற்றினார்கள். "வழிக்கு வேணும்ல" என்றார்கள். அந்தோணி வாயைத் திறந்தார். லோடு பற்றித்தான் ஏதோ சொல்ல வந்திருப்பார். சகாயம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ராஜபாளையம் போய்ச் சேருவதற்குள் அவள் நான்கு முறை வண்டியை நிறுத்தச் சொன்னாள். நான்கு முறையும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், சந்தோஷமாகத் திரும்பி நின்றேன்.