கூடம்தான் கோணல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் நடந்தது இது. லேபுக்குப் பொறுப்பு நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று தியாகதுருகத்தில் எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். அதை ஒரு பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஊர்க்காரி. அவள் ஊருக்குப் போகிற வழியில் ஓர் ஓடை, அதன் குறுக்கே ஒரு தரைப்பாலம். நல்ல மழை பிடித்தால் பாலம் முழுகிவிடும், ஊர் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்ளும். அங்கே உயரமாக ஒரு பாலம் வர வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே நினைப்பு.

எவ்வளவு மழைக்கு எவ்வளவு வெள்ளம் என்று திரையில் ஓட்டிக் காட்டும் சிமுலேஷன் சாஃப்ட்வேர் ஒன்று எங்கள் லேபில் உண்டு. ஆனால் அதற்கு மலை ஓடையின் போக்கு தெரியாது. அந்தக் கணக்கைத் தனியாக எழுதி, பிளகின் என்று அதோடு பொருத்த வேண்டும். ஒரு வருடம் உட்கார்ந்து அதை எழுதினாள். பாலங்களைப் பற்றி முடிவெடுக்கும் குழு ஒன்று கல்லூரிக்கு வருவதாக இருந்தது. அவர்கள் கண்முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டால் போதும் என்று நம்பினாள்.

அவளுடைய லேப்டாப் பழசு, நினைத்தால் அணைந்துபோகும். லேபில் அந்தச் சாஃப்ட்வேர் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது, அதனால் அதில் ஏற்றினோம். எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் கம்பைல் வேலை ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. ஓடவிட்டால்தான் வம்பு. பிளகினைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிடும். கோப்பு அங்கேயேதான் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தாள், துணைக் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மூன்று நாள் இதே கதை. கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் பிழைச் செய்தியில், தமிழில் என் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. ஏதோ எழுத்துருக் கோளாறு என்று நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

மூன்றாம் நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, என் லேப்டாப்புல ஓடுதே. இந்த மிஷின்ல எதுனா இருக்குமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. லேபில் அத்தனை பேர் இருந்தார்கள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். எழுதத் தெரியலன்னா கத்துக்கோ. என் மிஷின் மேல பழி போடாத" என்றேன். யாரோ சிரித்தார்கள். அவள் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு என்னை அக்கா என்று கூப்பிடவில்லை, மேடம் என்றுதான் கூப்பிட்டாள்.

குழு வந்த அன்றும் அது ஓடவில்லை. தன் லேப்டாப்பைத் திறந்தாள், அது பாதியில் அணைந்தது. முடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சாயந்திரம் வரை அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோடையோடு வேலையை விட்டுவிட்டாள்.

மறு வருடம் என் கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார்கள். பயனர் பெயர் கேட்டது. முதல் தடவை தமிழ்மேல் இருந்த ஆசையில் என் பெயரைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருந்தேன். இந்த முறை ஏதோ அவசரத்தில் ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டேன். எடுத்து வைத்திருந்த பழைய கோப்புகளில் அவளுடைய பிளகினும் இருந்தது. சும்மா ஓட்டிப் பார்த்தேன்.

ஓடியது. மழை தொடங்கிய மூன்றாவது மணியில் நீல நிறம் மெல்லப் பரவி அந்தத் தரைப்பாலத்தை மூடியது. மறுபடியும் தமிழில் பெயர் கொடுத்துப் பார்த்தேன். நின்றுவிட்டது. கொடுக்கிற பயனர் பெயரிலேயே கம்ப்யூட்டர் ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். பிளகின் என் பெயரில் இருந்த அந்த ஃபோல்டருக்குள் இருந்தது, அந்தச் சாஃப்ட்வேருக்குத் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை. அவள் எழுதியதில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. கூடம்தான் கோணல். என்னுடைய கூடம்.

அவள் போன் அணைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினேன். அந்தத் தரைப்பாலத்தை நடந்தே கடந்து, விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மரவள்ளிக் காட்டிலிருந்து அவள் கணவர் வந்தார். மஞ்சள்காமாலை முற்றி அவள் போய்ச்சேர்ந்து நான்கு மாதம் ஆகிவிட்டது என்றார்.

உள்ளேயிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். அந்த பிளகினைப் பேனாவால் வரி வரியாக எழுதி, வரிக்கு வரி சரிபார்த்திருந்தாள். "படுத்த படுக்கையிலயும் இதத்தான் பாத்துக்கினு இருந்தா மேடம். எங்கியோ தப்பு பண்ணிட்டேன், இன்னா தப்புன்னுதான் தெரியலன்னுவா" என்றார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோல்டர், எழுத்து என்பதெல்லாம் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்போ அவ மேல தப்பு ஒண்ணும் இல்லீங்களா?"

இல்லை என்றேன். அவர் சுவரில் இருந்த அவள் படத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கினியா? உன் மேல தப்பு இல்லியாம்" என்றார்.

அந்த பிளகினை ஓட்டிப் படமெடுத்து, அவள் பெயரிலேயே அந்தக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. தப்பு தமிழ் எழுத்தில் இல்லை, அதைப் படிக்கத் தெரியாத சாஃப்ட்வேரில்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னது நான்தானே? ஒருமுறை என் பக்கமும் பார்த்துவிட்டுப் பேசியிருந்தால், அந்தப் பெண் நிம்மதியாகவாவது கண்ணை மூடியிருப்பாள்.