மழையை எழுதி வைத்த நூலகம்: கீழநத்தத்துக்கு ஒரு திங்கட்கிழமைப் பயணம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் போனால் பார்க்க என்ன இருக்கிறது என்று இரண்டு மூன்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கோயில்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு கிளை நூலகத்தைப் பற்றி எழுதப் போகிறேன். ஓட்டுக் கட்டடம், இரண்டு மேசை, நான்கு பெஞ்சு, ஆறு அலமாரி. இதற்கா பஸ் ஏறிப் போக வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தப் பதிவை முடித்துவிட்டுக் கேளுங்கள்.

நான் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொங்கல் முடிந்த ஒரு திங்கட்கிழமை. அப்போது மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். எங்கே போனாலும் பஸ் நேரத்தையும் டிக்கெட் காசையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். என் வீட்டுக்காரர் அதைக் கேலி செய்யாத நாள் கிடையாது. ஆகவே கீழே வரும் நேரமும் கட்டணமும் நோட்டில் உள்ளபடியே. அந்தக் கட்டணத்தை நம்பி யாரும் இப்போது கிளம்பிவிடாதீர்கள்.

போன காரணம் என் அண்ணன் கருப்பையா. எங்கள் சொந்த ஊர் ஆலடியேந்தல். கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை. மழை பெய்தால் மிளகாயும் மல்லியும் பருத்தியும் உண்டு, பெய்யாவிட்டால் சீமைக்கருவேல்தான். அந்த வருஷம் தீபாவளியை ஒட்டிச் சுற்று வட்டாரத்தில் பெய்த மழை எங்கள் ஊரை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விட்டது. விதைத்தது முளைத்த இடத்திலேயே கருகியது. ஆனால் அரசாங்கத்தின் மழைமானி இருந்தது எங்கள் ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி. அங்கே நல்ல மழை. அதனால் வறட்சிப் பட்டியலில் ஆலடியேந்தல் இல்லை.

பட்டியலில் பெயர் இருந்தால் கோடையில் கண்மாய் தூர்வாரும் வேலை ஊருக்குக் கிடைக்கும், அடுத்த பட்டத்துக்கு விதையும் கிடைக்கும். இல்லாவிட்டால் பாதி ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிழைப்புத் தேடிக் கிளம்ப வேண்டியதுதான். அந்தத் திங்கட்கிழமை ஓர் அதிகாரி திருச்சுழியில் முகாம் போட்டு மதியம் ஒரு மணி வரை மனு வாங்குகிறார், மழை இல்லை என்பதற்கு எழுத்தில் ஏதாவது காட்டச் சொல்கிறார்கள் என்று மதினி கடிதம் எழுதியிருந்தாள். கீழநத்தம் நூலகத்தில் அது இருக்கிறது, பார்த்துப் பிரதி எடுக்க உன் கையெழுத்துதான் லாயக்கு, வா என்று முடித்திருந்தாள். பெய்யாத மழைக்கு நூலகத்தில் என்ன சாட்சி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மதினி காரணமில்லாமல் தபால் தலையை வீணாக்குகிறவள் அல்ல.

காலை 6.10-க்கு மதுரையில் பஸ். காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டைக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஆறரை ரூபாய். 7.45-க்கு இறங்கி, பஸ் நிலையத்துக்கு எதிரே நாலு இட்லியும் ஒரு காபியும். அந்தச் சட்னியின் காரம் பற்றித் தனியாகவே ஒரு பதிவு போடலாம். 8.20-க்குக் கீழநத்தம் டவுன் பஸ், பதினெட்டு கிலோமீட்டர், இரண்டு ரூபாய். ஆலடியேந்தல் விலக்கில் பாண்டியம்மா மதினி கையில் தூக்குச்சட்டியுடன் ஏறினாள்.

"அண்ணன் வரலையா மதினி?"

"அவுக நேரா திருச்சுழிக்குப் போயிட்டாக, ஊர் ஆளுகளோட. நூலகம்னு சொன்னதுமே மொகத்தைத் திருப்பிக்கிட்டாக சாந்தா. நூலக நோட்டை எவன் மதிப்பான், சும்மா கெடன்னு ஒரே சத்தம். எனக்கென்னமோ சரியாப் படல."

எனக்கும் சரியாகப் படவில்லை. எங்கள் அண்ணன் சத்தம் போட்டால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன்.

9.25-க்குக் கீழநத்தத்தில் இறங்கினோம். நூலகம் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம்தான். நூலகர் அபுதாகிர் வீரசோழன்காரர், தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். நாற்பது வயதிருக்கும். மதினியைப் பார்த்ததும், "வாங்கக்கா, புது வாரப் பத்திரிகை வந்திருக்கு" என்றார். மதினி சனிக்கிழமைதோறும் சந்தையில் மிளகாய் விற்க வரும் சாக்கில் இங்கே வந்து தொடர்கதை படிப்பவள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னோம். அவர் எழுந்து போய்க் கடைசி அலமாரியைத் திறந்தார். உள்ளே காடாத் துணி ஒட்டிய நீள நோட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்பது. எல்லா நூலகத்திலும் வாசலருகே இருக்கும் வருகைப் பதிவேடுதான். தேதி, பெயர், ஊர், கையெழுத்து, கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். வேறு ஊர் நூலகங்களில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும். இங்கே ஒவ்வொரு வரியிலும் நிரம்பியிருந்தது. தூறல். மேகம் மட்டும். ஒரு உழவு மழை. வெயில். காற்றோடு போய்விட்டது. இரண்டு உழவு மழை, கண்மாய்க்கு வரத்து. ஒரு உழவு என்றால் ஒரு முறை ஏர் ஓட்டும் அளவுக்கு மண் நனைந்தது என்று கணக்கு, எங்கள் பக்கத்தில் மழையை அளப்பது அப்படித்தான்.

"இதை யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டேன்.

"நாந்தான். வேற வழியில்ல டீச்சர். எண்பத்தி நாலுல நான் இங்க வந்தப்ப, உள்ள நுழையுற ஆளெல்லாம் மொத வார்த்தையா, அங்கிட்டு மழையான்னுதான் கேப்பாக. ஒருத்தர் கேட்டா ஒம்பது பேர் பதில் சொல்லுவாக. அமைதி காக்கவும்னு போர்டு மாட்டிப் பாத்தேன், போர்டுக்குக் கீழ நின்னே பேசுனாக. கடைசியா, பேசாதீக, எழுதிருங்கன்னு இந்தக் கட்டத்தைக் காட்டிட்டேன். அன்னைல இருந்து இங்க ஒரே அமைதி."

பன்னிரண்டு ஊர்க்காரர்கள் வந்து போகிற நூலகம். நூலகம் திறந்திருந்த ஒவ்வொரு நாளும் எந்த ஊரில் மழை, எந்த ஊரில் புழுதி என்று அந்தந்த ஊர்க்காரர் கையெழுத்திலேயே இருக்கிறது. எங்கள் வறண்ட காட்டுக்கு யாரும் சரித்திரம் எழுத வரமாட்டார்கள் என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். சத்தம் போடாமல் உட்கார்ந்து எங்கள் ஆட்களே எழுதிவிட்டார்கள். எனக்கு நிஜமாகவே நெஞ்சு நிமிர்ந்தது.

புரட்டாசியிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். ஆலடியேந்தல், வெயில். ஆலடியேந்தல், மேகம் மட்டும். ஆலடியேந்தல், தூறல், தூசி கூட அடங்கவில்லை. கை வலிக்க வலிக்கப் பிரதி எடுத்தேன். தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் வந்தது. மழைமானியில் மழை பதிவான அதே நாள். அந்தப் பக்கத்தின் கடைசிக்கு முந்தின வரியில், புளியங்குளம் சீனிச்சாமி, ஒரு உழவு மழை. புளியங்குளம் எங்களுக்கு அடுத்த ஊர், கபடியிலிருந்து கண்மாய்த் தண்ணீர் வரை எங்களோடு போட்டி போடும் ஊர். அதற்குக் கீழே, பக்கத்தின் கடைசி வரி.

ஆலடியேந்தல், மு. கருப்பையா. இரண்டு உழவு மழை.

மதினி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "பாவி மனுசா" என்றாள். "சீனிச்சாமி ஒண்ணு எழுதுனா இவுக ரெண்டு எழுதணுமாக்கும். அன்னைக்கு வீட்ல குடிக்கத் தண்ணியில்ல சாந்தா."

மணி 10.35. நான் அபுதாகிரைப் பார்த்து, இந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்றேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுக்கிற வாய்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன்.

"அது ஆகாது டீச்சர். ஒரு வரிய மறைச்சா, ஒம்பது நோட்டும் பொய்யாப் போயிரும். எந்தத் தேதியில மழைன்னு அவுக கிட்ட இருக்கு, மொத வேலையா அதே தேதியத்தான் கேப்பாக." கொஞ்சம் யோசித்தார். "நோட்டு நான் இல்லாம வெளிய போகாது. பதினோரு மணிக்குச் சாத்துனா நாலு மணிக்குத்தான் திறக்கணும். நடுவுல உள்ள நேரம் என்னோடது. நானே கொண்டு வாரேன்."

11.20-க்குத் திருச்சுழி பஸ். ஒன்பது கிலோமீட்டர், ஒன்றேகால் ரூபாய். அபுதாகிர் நோட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். மதினி தூக்குச்சட்டியில் இருந்த புளிச்சோற்றை எங்களுக்குப் பங்கு வைத்தாள், தான் சாப்பிடவில்லை. வழியெல்லாம் காய்ந்த பருத்திச் செடிகள். அதைப் பார்த்தாலே போதாதா, இதற்கு எதற்கு நோட்டு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதிகாரிகள் எங்கள் காட்டு வழியாகவா பஸ்ஸில் வருகிறார்கள்?

முகாமில் எங்கள் முறை வரும்போது மணி 12.40. அண்ணன் எங்கள் ஊர் ஆட்கள் இருபது பேரோடு நின்றிருந்தார். அபுதாகிர் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. அதிகாரி ஐம்பது வயதுக்காரர், பொறுமையான ஆள். பிரதியைத் தள்ளி வைத்துவிட்டு மூல நோட்டைக் கேட்டார். புரட்டினார். அபுதாகிர் சொன்னதுபோலவே நேராக அந்தத் தேதிக்குப் போனார்.

"ஆலடியேந்தல் மு. கருப்பையா யாரு?"

அண்ணன் நினைத்திருந்தால் அது வேறு கருப்பையா என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் ஏழு கருப்பையா உண்டு. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நாந்தான்யா. பொய்யா எழுதிட்டேன். அன்னைக்கு எங்க ஊர்ல ஒரு பொட்டு விழுகல. பக்கத்து ஊர்க்காரன் மழைன்னு எழுதியிருந்தான், நமக்குப் பெய்யலன்னு அவன் முன்னாடி எழுத மனசு வரல. எம்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. ஊரை விட்டுருங்கய்யா."

அந்த நிமிஷம் எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. இருபது பேர் முன்னால் அப்படிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்குப் பொய் எழுதினவர் இன்னைக்குச் சொல்றது உண்மைன்னு நான் எதை வைச்சு நம்ப?"

"அடுத்த பக்கத்தைத் திருப்புங்க சார்" என்றார் அபுதாகிர். "மொத வரி."

அதிகாரி திருப்பி, வாய்விட்டே படித்தார். புளியங்குளம் சீனிச்சாமி, அதே நாள், இரண்டாம் முறை கையெழுத்து. குறிப்புக் கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதியிருந்தது. "மேற்படி ஆலடியேந்தல் தகவல் தவறு. இன்று அவ்வூர் வழியாகத்தான் சைக்கிளில் வந்தேன். சக்கரத்தில் புழுதி உள்ளது, சேறு இல்லை. வாசலில் நிற்கிறது, யாரும் பார்த்துக்கொள்ளலாம்."

முதலில் சிரித்தது அதிகாரிதான். பிறகு முகாமே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சீனிச்சாமி இதை எழுதியது அவருக்கு அதுவரை தெரியாது.

"எங்க நோட்டுல பொய் ஒரு வரிக்கு மேல தாங்காது சார்" என்றார் அபுதாகிர். "ஒரு ஊரு கூட்டிச் சொன்னா அடுத்த ஊரு விடாது. நான் எதையும் திருத்துறதில்ல, அவுகளே ஒருத்தரை ஒருத்தர் திருத்திக்கிருவாக."

அதிகாரி புதன்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொன்னபடி வந்தார். பட்ட காட்டையும் வெடித்த கண்மாயையும் நடந்தே பார்த்தார். மாசி மாதம் வந்த திருத்திய பட்டியலில் ஆலடியேந்தல் இருந்தது. அந்தக் கோடையில் எங்கள் ஊரில் ஒரு வீடு கூடப் பூட்டப்படவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: நான் போன காலத்தில் நூலகம் காலை எட்டிலிருந்து பதினொன்று, மாலை நாலிலிருந்து ஏழு. வெள்ளிக்கிழமை விடுமுறை, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டையில் தங்கிக் காலை பஸ்ஸில் போய்விட்டு மதியம் திருச்சுழி கோயிலையும் பார்த்துத் திரும்பலாம். தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். சித்திரை, வைகாசியில் போகாதீர்கள். பழைய நோட்டுகளைக் கேட்டால் காட்டுவார்கள், ஆனால் நகர்த்தாமல் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். உங்கள் ஊர் நூலகத்திலும் இப்படி ஏதாவது கிடக்கலாம். பெரிய ஊர்களின் சரித்திரத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்ற ஊர்களின் சரித்திரம் நூலகத்து அலமாரியில், யாரும் கேட்காமல் இருக்கிறது. கேளுங்கள்.

அந்தக் குறிப்பிட்ட பக்கத்தை நான் அடுத்த பொங்கலுக்குப் போனபோது மறுபடி பார்த்தேன். முகாம் நடந்த மறுநாளே அண்ணன் போய் அந்த வரியை அடிக்கப் பார்த்திருக்கிறார். அபுதாகிர் விடவில்லையாம், அடிக்கக் கூடாது, பக்கத்தில் வேண்டுமானால் எழுதுங்கள் என்றிருக்கிறார். அண்ணன் அரைமணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுதியது இதுதான்: "அன்று எங்கள் ஊரில் மழை இல்லை. பொய் எழுதியது நான். உண்மை எழுதியவர் புளியங்குளம் திரு. சீனிச்சாமி அவர்கள்."

புளியங்குளத்துக்காரன் ஒருவனை எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்கு முன்னால் அவர்கள் என்று எழுதியதில்லை.