தாமரை மொட்டுக்கு ஏற்றிய கற்பூரம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் கட்டியிருக்கும் சாமியார் நினைவு மண்டபத்துக்கு எப்படிப் போவது என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் தாலுகாவிலேயே அதை ஒழுங்காகப் பார்த்தவன் நான்தான் என்பதால் எழுதுகிறேன்.

போனது 2005 மார்கழியில். கூட வந்தவர் என் தங்கை கமலாவின் வீட்டுக்காரர் ஏழுமலை. கமலா அந்த ஆடியில் தவறிவிட்டாள். அவளை அடக்கம் செய்த நிலத்தில் கோபுரம் வைத்து மண்டபம் கட்டியே தீருவேன் என்று மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றார். "குடும்பம் நடத்தின பொம்பளைக்குக் கோபுரமா? சாமி குத்தம்டா" என்று அவருடைய அண்ணன்மார் கத்தினார்கள். கட்டினால் பாகம் பிரித்துக்கொண்டு போய்விடுவதாகவும் சொல்லிவிட்டார்கள். ஒரே வீட்டில் மூன்று அடுப்பு எரிந்தது. சரி, முதலில் மாதிரிக்கு அந்தச் சாமியார் மண்டபத்தைப் பார்த்து வரலாம் என்று நான் கிளப்பினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன்தான். ஆனால் ஒரு கட்டடத்தைப் பார்த்தால் அதன் ஜாதகத்தையே சொல்வேன்.

போளூரிலிருந்து கிளம்பும் விடியற்காலை முதல் பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். என்னைக் கண்டதும் கண்டக்டர் எழுந்து தன் சீட்டையே கொடுத்தார். நம் முகராசி அப்படி. கலசபாக்கம் தாண்டியதும் ஜன்னலில் மலை வந்துவிடும். அசையாமல் நின்றபடியே நம் கூடவும் வரும். இதை வேறு எந்த மலையும் செய்யாது.

பஸ் ஸ்டாண்டில் ஒரே ஓர் ஆட்டோ. மண்டபம் இருக்கும் அடி அண்ணாமலைக்குக் கேட்டேன்.

"அடி அண்ணாமலைக்கு அறுபது ரூவா ஆவும்ணே."

"ஜாஸ்திப்பா."

"இந்தப் பனியில வண்டி எடுத்தாந்தவன் நான் ஒருத்தன்தான். கம்மி பண்ணா அண்ணாமலையாரே என்னைத் திட்டுவாரு."

ஐம்பதுக்கு முடித்தேன். அன்றைய பனி வெள்ளைக்காரன் தேசத்தில்கூட இருக்காது. ஆட்டோவின் முன் சக்கரமே எனக்குத் தெரியவில்லை. எதிரே வந்த மாட்டு வண்டி வெறும் நாலு கொம்பாக மிதந்து வந்து, மிதந்தபடியே போனது. மலைக்கு அடி இல்லை, உச்சி மட்டும் வானத்தில் கிடந்தது.

மண்டபத்து கேட் திறந்திருந்தது. உள்ளே போனதும் பனிக்குள் ஒரு வெள்ளைத் தாமரை மொட்டு. ஒரு பனைமர உயரத்தில், எட்டுத் தூண்களின் மேல், இதழ் இதழாக அந்தரத்தில் நின்றது. அதற்குள்ளிருந்து களக், களக் என்று மெல்லிய சத்தம்.

"சாமி பேசுது மாப்ளே" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தூணடியில் கற்பூரம் ஏற்றினார். "சாமி, அவளுக்கு எதைக் கட்டுனா மனசு குளிரும்? நீயே சொல்லிடு" என்று வாய்விட்டுக் கேட்டார். சுற்றி வந்தோம். மூன்றாவது சுற்றில் மேலிருந்து எங்கள் தலையில் சில்லென்று தண்ணீர் தெறித்தது. தீர்த்தம் என்று நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பனிக்குள்ளிருந்து வாட்ச்மேன் ஓடி வந்தார். "தள்ளுங்க, தள்ளுங்க! ரொம்பி வழியுது, மோட்டார நிறுத்தணும்."

"என்ன மோட்டார்?"

"இது தண்ணி டேங்க்குங்க. மண்டபம் அந்தாண்ட இருக்குது. நேத்து வந்தவங்க தேங்காயே ஒடச்சிட்டாங்க. நீங்க பரவால்ல."

ஆடியிலிருந்து சிரிக்காத ஏழுமலை சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, ஈரத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். பிறகு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மச்சான், தெருக்கோடி கெணத்துலேர்ந்து எத்தினி கொடம் தூக்கியிருப்பா? நம்ம தெருவுக்குக் கொழா எப்ப வரும்னுதான் கடைசி வரைக்கும் கேட்டுட்டு இருந்தா. கேட்டதுக்கு சாமி பதில் சொல்லிடுச்சு."

அப்புறம்தான் மண்டபத்தைப் பார்த்தோம். கோயில் விமானம், மசூதி போல வளைவு, சர்ச் மாதிரி வண்ணக் கண்ணாடி எல்லாம் ஒரே கான்கிரீட்டில். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. சமாதி மேல் லிங்கம், அதற்கு நேர் எதிரே மலையைப் பார்த்த வாசல். வெயில் ஏறியதும் பளிங்குத் தரை முழுக்க நீலமும் சிவப்பும் ஓடின. என் வேட்டியே பட்டு வேட்டியாகிவிட்டது. என்ன நேரம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

பங்குனியில், மண்டபத்துக்கு வைத்திருந்த பணத்தில், எங்கள் தெரு முனையில் டேங்க் எழும்பியது. தாமரை டிசைன் நான் போட்டுக் கொடுத்தது. பார்த்த இன்ஜினியர் அசந்துபோய் என் காலைத் தொடாத குறை. ஜல்லி சுமந்தவர்கள் ஏழுமலையின் அண்ணன்மார். முதல் தண்ணீரில் சமைத்தது ஒரே அடுப்பில்.

போகிறவர்களுக்கு: மார்கழியில் முதல் பஸ்ஸில் போங்கள், தலைக்கு மப்ளர் கட்டுங்கள். கேட்டுக்குள் இடது பக்கம் திரும்பினால் மண்டபம். வலது பக்கம் இருப்பது டேங்க். கற்பூரம் ஏற்றினாலும் தப்பில்லை. திரும்பும்போது போளூருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், எங்கள் ஊரில், சாலையோரம் தாமரை மொட்டு தெரியும் இடத்தில் இறங்குங்கள். குழாய்க்கு மேலே கமலா என்று எழுதியிருக்கும். ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள்.