ஃப்ளோராவின் புத்தகமும் மங்கம்மாவின் வாயும்

கோலார் தங்கச் சுரங்கத்து ஊரிகம் கூலி லைன் வீடுகளில் மங்கம்மா கதை சொல்ல உட்கார்ந்தால், அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தாலும் எழுந்து போக யாருக்கும் மனம் வராது. ஷிப்டு முடிந்து வந்த ஆண்கள்கூட முகத்து மண்ணைக் கழுவாமல் ஓரமாக நின்று கேட்பார்கள். புருஷனோடு சுரங்கத்துக்குப் பிழைக்க வந்தவளுக்குச் சொத்து என்று இருந்தது அந்த வாய்தான்.

1902-இல் அடுத்த வீட்டு சாம்ராஜ் வேலூரிலிருந்து ஃப்ளோராவைக் கட்டிக்கொண்டு வந்தான். மிஷன் பள்ளியில் படித்த பெண். பெட்டியில் ஒரு நாவல் வைத்திருந்தாள். பெங்களூரின் பட்டாளப் பகுதியான தண்டில் வாழும் ஒரு கிறுக்குக் குடும்பத்தின் கதை. தமிழ் மாமியார், தெலுங்கு மருமகள், பென்ஷன் வாங்கும் வெள்ளைக்கார மருமகன், வீட்டுக்குள்ளேயும் குடை பிடித்து நடக்கும் மாமனார். மருமகன் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டி இங்கிலீஷில் "மோர், மோர்" என்பான். மாமியார் இலை ததும்ப மோரை ஊற்றுவாள்.

ஃப்ளோரா வாசிக்க வாசிக்க லைனே சிரித்தது. மங்கம்மாவின் வாசலில் நாய் மட்டும் படுத்திருந்தது.

"நீயும் வாக்கா, சிரிச்சு சிரிச்சு வயிறு நோவுது" என்று கூப்பிட்டாள் எதிர்வீட்டு குணசுந்தரி.

"காயிதத்தப் பாத்து ஒப்பிக்கிறதுல இன்னாடி கீது?" என்றாள் மங்கம்மா.

போகவில்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது மூங்கில் தட்டிதான். அதில் காதை வைத்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கேட்டாள். சிரிப்பு வரும்போதெல்லாம் ஃப்ளோராமேல் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

கதை பாதியில் நிற்க, ஃப்ளோரா பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். புத்தகமும் பெட்டியோடு போயிற்று. அடுத்து என்ன ஆகுமோ என்று லைன் தவித்தது.

"அப்பால நடந்தது நான் சொல்றேன்" என்றாள் மங்கம்மா.

"நீதான் கேக்கவே வரலியே" என்றாள் குணசுந்தரி.

"தட்டி வழியாக் கேக்காதா?"

தெரிந்தது முடிந்த இடத்தில் தன் சரக்கை எடுத்துவிட்டாள். குடைக்கார மாமனாரைச் சுரங்கத்துக்கே கூட்டிவந்து, ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டில் இறக்கி, குடையைக் கதவில் மாட்டவைத்தாள். ஆண்கள் உருண்டு சிரித்தார்கள்.

கைக்குழந்தையோடு திரும்பிய ஃப்ளோரா, விட்ட இடத்திலிருந்து படித்தபோது குணசுந்தரி குறுக்கிட்டாள்.

"அது இல்லியே. அவரு கேஜுல எறங்கினாரே."

"இதுல கேஜே இல்லீங்கக்கா."

"அப்ப உன் பொஸ்தகம் தப்பு."

ஒவ்வொருவராக எழுந்து மங்கம்மா வீட்டுக்கு வந்தார்கள். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு மத்தியானம் கையில் முறத்தோடு தட்டி இடுக்கில் எட்டிப் பார்த்தாள். ஃப்ளோரா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. எதிரே ஓர் ஆளும் கிடையாது. திடீரென்று தனக்குத்தானே சிரித்துவிட்டு ஏட்டைப் புரட்டினாள்.

மங்கம்மாவுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. கேட்க ஆள் இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு கதையும் வராது. இவளுக்கோ ஒருத்தரும் வேண்டியிருக்கவில்லை.

"இன்னாடி தனியாச் சிரிக்கிறே? சத்தமாப் படி."

ஃப்ளோரா திடுக்கிட்டுத் தட்டியைப் பார்த்தாள். "உள்ள வாங்கக்கா."

"இங்கியே கேக்குது."

ஃப்ளோரா குரலை உயர்த்தி அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். மங்கம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டியோரம் உட்கார்ந்தாள். இந்த முறை முந்தானையை வாயில் வைக்கவில்லை. பொறாமை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.