சொந்த விருப்பத்தின் பேரில்

வேலை போன பிறகு பம்பரத்தால் வீட்டில் உட்கார முடியவில்லை. பம்பரம் என்பது சுங்கச்சாவடியில் உடன் வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர். நாற்பத்தேழு வயதிலும் கால் ஓரிடத்தில் தரிக்காது. வண்டி வராத நேரத்தில், அந்தச் சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே எழுந்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். பிறகு கேமரா வந்தது. வண்டி கிட்டே வந்ததும் தடுப்புக்கம்பி தானே எழும்பியது. கூண்டுகளுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

வீட்டில் துடைக்க வேண்டியதையெல்லாம் துடைத்தாள். துடைக்க வேண்டாததையும் துடைத்தாள். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஒருநாள் காலையில் அலமாரி முன்னால் திகைத்து நின்றார்.

"ஏம்மா, என் காக்கிச் சட்டை எங்க?"

"நிறவாரியா அடுக்கியிருக்கேங்க. கடைசி வரிசை."

"நீ இன்னும் ஒரு மாசம் வீட்டுல இருந்தா என்னையும் மடிச்சு உள்ள வச்சிடுவ."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் ஓர் ஆசை அரித்துக்கொண்டிருந்தது. வெயில் காலம் வந்தால் கூண்டுக்குள் இருக்கும் ஏசி படுத்துவிடும். மெக்கானிக் வருவார். அவருக்கு டார்ச் பிடித்தபடி, இது என்ன, அது எதற்கு என்று துளைத்தெடுப்பாள். "நீங்க இந்தத் தொழிலுக்கே வந்திருக்கலாம்க்கா," என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இருந்தது. ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்க ஓராண்டுப் படிப்பு. போய் விசாரித்தாள். இடம் உண்டு என்றார்கள். கட்டணத்தைக் கேட்டதும் விண்ணப்பத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். சுங்கச்சாவடியில் கொடுத்த செட்டில்மென்ட் பணம் வீட்டுக் கடனுக்கே சரியாகப் போயிருந்தது.

அன்றிலிருந்து அலையாய் அலைந்தாள். வங்கியில் கல்விக் கடன் கேட்டாள்.

"படிக்கப்போறது யாரு, உங்க பையனா?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்."

அவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் 'பார்க்கலாம்' என்ற ஒரே சொல்லின் பல வடிவங்கள்.

ஓர் அறக்கட்டளை பெண்களுக்கு உதவுகிறது என்று கேள்விப்பட்டுக் கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள்: "விதவையா?"

கணவர் இருமினார்.

"இல்லைங்க. இதோ இருக்காரு."

"கணவரால கைவிடப்பட்டவங்களா?"

"இவ அலையற அலைச்சலைப் பார்த்தா கைவிடப்பட்டவன் நான்தாம்மா," என்றார் அவர். அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். சிரித்தாளே தவிர உதவி கிடைக்கவில்லை. ஆனால் தொழிலாளர் நல அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லி வழிகாட்டினாள்.

அங்கேதான் விஷயம் இருந்தது. இயந்திரம் வந்ததால் வேலை இழந்தவர்கள், ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள், புதுத் தொழில் படித்தால் முழுக் கட்டணமும் அரசாங்கமே கட்டிவிடும். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. கிளார்க் அம்மா அவளுடைய விடுவிப்புக் கடிதத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்னு போட்டிருக்கே?"

"நானா? யாரும்மா சொன்னது?"

"நீங்கதான். கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

கையெழுத்து அவளுடையதுதான். கடைசி நாளில் ஆளுக்கொரு பக்கம் அழுதுகொண்டிருந்தார்கள். நீட்டிய தாளில் போட்டுவிட்டு வந்தவள் அவள்.

"வேற ஏதாவது ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க. வகுப்பு திங்கட்கிழமை தொடங்குது. அதுக்குள்ள வந்தாதான்."

கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால் இசை கேட்டது. ஆள் குரல் கேட்கவில்லை. இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அந்தக் கடிதத்தை நீட்டிய பழைய சூப்பர்வைசரின் வீட்டுக்குக் கிளம்பினாள். பேருந்தில் உட்கார முடியாமல் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, கேட்க வேண்டியதையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி நடந்தாள்.

கதவு திறந்திருந்தது. கசங்கிய பனியனோடு அவர் தரையில் உட்கார்ந்து, மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. உட்காருங்க."

"உட்கார வரலை சார். நான் எப்ப சார் விருப்பப்பட்டு விலகினேன்? எதுக்கு அப்படி எழுதினீங்க?"

அவர் துணியைக் கீழே வைத்தார். "மேலேயிருந்து வந்த வாசகம்மா அது. மாத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. உங்க எல்லாருக்கும் நான்தான் டைப் அடிச்சேன். கடைசியா எனக்கும் நானே அடிச்சுக்கிட்டேன்."

 இவ்வளவு தூரம் சுமந்து வந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கழற்றிப் போட்டிருந்த இறக்கைகளைப் பார்த்தாள். எல்லாம் பளபளவென்று இருந்தன.

"அந்தத் தைரியம் இப்ப இருக்கா சார்? தொழிலாளர் நல ஆபீஸ்ல வந்து உண்மையைச் சொல்லணும்."

"வேலையே போனவனுக்கு இனிமே என்ன பயம்? நாளைக்கு வர்றேன்."

சொன்னபடியே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். கேமரா வைத்ததால்தான் கூண்டுகளை மூடினார்கள், ஒருவரும் தாமாக விலகவில்லை என்று எழுதிக் கொடுத்தார். கிளார்க் அம்மா அதை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனார். பம்பரம் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். சூப்பர்வைசர் பெஞ்சில் கைகளைத் தொடைமேல் வைத்தபடி இருந்தார்.

கிளார்க் அம்மா வெளியே வந்தார். "மேற்பார்வையில இருந்தவரே சொல்றாரு, போதும்னுட்டாங்க. உங்களுக்குக் கிடைச்சிடுச்சு."

பம்பரம் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பின்னாலிருந்து சூப்பர்வைசர் தயங்கியபடி கேட்டார்: "எனக்கும் இதுல ஏதாவது வழி இருக்குங்களா?"

"உங்க வயசு என்ன சார்?"

"ஐம்பத்து நாலு."

கிளார்க் அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"பரவாயில்ல, சும்மாதான் கேட்டேன்," என்றார் அவர். தெருவில் இறங்கியதும், "நல்லாப் படிங்கம்மா," என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார். துள்ளிக் குதிக்க வேண்டிய நேரத்தில் பம்பரம் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டாள். வாத்தியாரிடம் திட்டும் வாங்கினாள். வேலை மெல்ல மெல்லக் கைக்கு வந்தது. ஆனால் இடைவேளையில் மற்றவர்கள் டீ குடிக்கப் போனால், இவள் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவாள். அறக்கட்டளை, சங்கம், நலநிதி என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும் விடுவதில்லை.

"ஐம்பதுக்கு மேல இருக்கறவங்க படிக்க ஏதாவது உதவி உண்டுங்களா?"

ஒருநாள் மறுமுனையில் இருந்தவர் கேட்டார்: "யாருக்கும்மா? உங்க உறவா?"

"இல்லைங்க. எங்க சூப்பர்வைசர்."

"அவர்தான் கேட்கச் சொன்னாரா?"

"அவர் இன்னொரு தடவை கேட்க மாட்டாருங்க. அதனாலதான் நான் கேட்கறேன்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம். உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றாலும் புதன்கிழமை அவரை அழைத்து வரச் சொன்னார். வகுப்புக்கு மணி அடித்தது. அவள் கிரீஸ் கையோடு சூப்பர்வைசரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.