அத்தையின் கணினியில் அப்பாவின் பெயர்

கணினியைப் போட்டதும் நீலத் திரையில் ஒரு சின்ன வட்டம் சுழலும். அது நின்றதும் அப்பாவின் பெயர் வரும், கூடவே ஒரு நல்வரவு. அப்பா அந்தக் கணினியைத் தொட்டதே அபூர்வம். மயிலாப்பூரில் மாட வீதியிலிருந்து பிரியும் சந்தில், எங்கள் வீட்டு ஜன்னலோரம், காலை ஒன்பது மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்தால் பகல் முழுக்க எழுந்திருக்காதவள் அத்தைதான். அப்பாவின் தங்கை. கணவரோடு ஒத்துவராமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். தெலுங்குத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவாள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் கணினியே வந்தது.

அப்பாவின் பெயரை அதில் போட்டவள் நான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், கணினி விஷயத்தில் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. முதன்முதலில் அது பெயர் கேட்டபோது கை தானாக அப்பாவின் பெயரை அடித்தது. கேஸ் புத்தகம், மின்சார அட்டை, தொலைபேசி எல்லாமே அவர் பெயரில்தானே இருந்தன. வாங்கிய மனுஷி பக்கத்திலேயே நின்றாள், அவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இப்போது ஓர் அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்குக் கணினி தயார்செய்து கொடுப்பதுதான் என் வேலை. ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் விசைப்பலகையில் கை வைக்கிறேன். என் அசட்டுத்தனத்துக்கு இது பரிகாரம் ஆகுமா, தெரியாது.

அத்தை வேலை செய்வதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். தெலுங்கு நடிகையின் உதடு எங்கே ஒட்டுகிறதோ அங்கே தமிழ் வார்த்தையிலும் உதடு ஒட்ட வேண்டும். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று ஒரே வரியைப் பத்து விதமாகச் சொல்லிப் பார்ப்பாள். பால்காரர் ஒருமுறை பயந்துபோய், "அம்மாவுக்கு உடம்பு எதுனா சரியில்லையா?" என்று என்னிடம் கேட்டார். வாரத்துக்கு ஐந்து பகுதி எழுதி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்துக் கோடம்பாக்கத்தில் இருந்த டப்பிங் கூடத்தில் அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள்.

அதுவரை எந்தத் தொடரிலும் வசனம் எழுதுபவர் பெயரைப் போட்டதில்லை. புதுத் தொடரில் போடுவார்கள் என்று, அது ஒளிபரப்பான முதல் நாள், டீவி முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். 'தமிழ் வசனம்' என்று வந்து, அதன் கீழே அப்பாவின் பெயர் வந்தது. அத்தை உடனே போன் செய்தாள். எதிர்முனையில் இருந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "ஃபைல்ல எழுதினவர்ங்கற எடத்துல அந்தப் பேர்தான் மேடம் இருந்திச்சு. சார் எழுதி நீங்க கொண்டாந்து குடுக்கறீங்கன்னு நெனச்சிட்டோம்." இரண்டு வருஷமாக அவளை அவர்கள் தபால்காரி என்றே நினைத்திருக்கிறார்கள்.

அதைவிட வலித்தது அடுத்த நாள் நடந்தது. கோயில் குளக்கரையில் தெரிந்தவர்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு பாராட்டியிருக்கிறார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "நம்ம குடும்பத்துப் பேர்தானே, விடு" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. தங்கைக்கு ஒரு குறையும் வைக்காதவர். ஆனால் அன்றைக்கு எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அத்தை என்னைக் கூப்பிட்டாள். "பேரை மாத்து." அரை நிமிஷ வேலை என்று ஜம்பமாகச் செய்து முடித்தேன். நல்வரவில் அவள் பெயர் வந்தது. அவள் எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். ஃபோல்டர் பழைய பெயரில் இருந்தது. புதிதாக ஒரு வரி அடித்துச் சேமித்தால், எழுதியவர் என்ற இடத்தில் மறுபடி அப்பா. "வாசல்ல மட்டும் போர்டை மாத்தியிருக்கே. உள்ள பூரா உங்கப்பாதான் உக்காந்திருக்கார்" என்றாள்.

ரோஷம் வந்து, வேறொரு பயனர் கணக்கின் வழியாக உள்ளே போய் அந்த ஃபோல்டரின் பெயரையே மாற்றித் தொலைத்தேன். அப்படிச் செய்யக் கூடாது என்பதெல்லாம் அப்போது தெரியாது. அடுத்த முறை திறந்தால் திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. புதுத் தொடருக்கு எழுதின நாற்பது பகுதிகளையும் காணோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இதுக்குத்தான் இருக்கறது இருக்கட்டும்னேன்" என்றார் அப்பா. அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போனா போகட்டும். எழுதினவ நான். திரும்ப எழுதத் தெரியாதா?"

போகவில்லை. பெயர் மாறிய ஃபோல்டரைக் கணினியால் கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தன. பழையபடி ஆக்கித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அவள் பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, முழு அதிகாரத்தையும் அதற்குக் கொடுத்து, கோப்புகளை அங்கே மாற்றினோம். எழுதியவர் பெயரை மொத்தமாக ஒரே தட்டலில் மாற்ற எனக்கு வழி தெரியும். அவள் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, அப்பாவின் பெயரை அழித்து, தன் பெயரைத் தானே அடித்தாள். இரண்டு பகல் ஆனது.

அந்த வாரம் பென் டிரைவ் கோடம்பாக்கம் போகவில்லை. பெயர் மாறினால்தான் அடுத்த பகுதி என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டாள். இருக்கிற பிழைப்பும் போய்விடுமே என்று அப்பா ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூன்றாம் நாள் அவருக்கே போன் வந்தது. மேடத்துக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் சார், உங்கள் பெயர் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். அப்பா என்னைப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்றிருந்த தங்கையைப் பார்த்தார். பிறகு, "அதுல ஒரு வரிகூட நான் எழுதலீங்க. எழுதறவகிட்டயே பேசுங்க" என்று போனை நீட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை டீவியில் அத்தையின் பெயர் வந்தது. இரண்டு விநாடிகூட இருக்காது. பார்த்துவிட்டு எழுந்து போய் எனக்கும் சேர்த்துக் காபி கலந்தாள்.

மறுநாள் காலை, மின்சாரக் கட்டணம் கட்ட அப்பா கணினி முன்னால் உட்கார்ந்தார். திரையில் தங்கையின் பெயரும், கீழே கடவுச்சொல் கேட்கும் கட்டமும். என்ன செய்வதென்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அத்தை வந்தாள். எப்போதும் போல அன்பாகவே சொன்னாள்.

"அது என்னோடது அண்ணா. உங்களுக்கும் தனியா ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன், கீழ பாருங்க. உங்க பேர்லயே."