புள்ளி இல்லாத தாள்

சுடலைச்செல்விக்கு உட்கார்ந்தால் கால் நிற்காது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் பெடலை மிதிக்கும். சோறு தின்ன உட்கார்ந்தாலும் வெறும் தரையை மிதிக்கும். ஆறுமுகநேரியில் அவள் தைத்த ஜாக்கெட்டில் குறை கண்டவர்கள் கிடையாது. துணியில் சாக்பீஸ் கோடு போடாமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டாள். கோடு சரியாக விழுந்துவிட்டால் யார் வெட்டினாலும் சரியாகத்தான் வரும் என்பது அவள் கட்சி.

மகள் இசக்கிப்பிரியா ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அதே கட்சியை நோட்டுக்கும் கொண்டுவந்தாள். சாயங்காலமானால் பக்கம் முழுக்கப் பென்சிலால் புள்ளி புள்ளியாக எழுத்துகளை வைத்துக் கொடுப்பாள். பிள்ளை அதன்மேல் இழுப்பாள். வெளியே தெரியும் புள்ளிகளை இவள் ரப்பரால் அழித்துவிடுவாள். பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். துறைமுகத்திலிருந்து டிரெய்லர் ஓட்டிக்கொண்டு ஓசூர், பெங்களூர் என்று அலையும் புருஷன் செந்தூர்வேலுக்குப் படம் பிடித்து அனுப்புவாள். அந்த அப்பாவி மனுஷன் டீக்கடையில் நிற்கிற டிரைவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடிப்பான்.

ஜூலைக் கடைசியில் ஜீவமணி டீச்சர் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்.

"வீட்ல இருந்து முத்து முத்தா எழுதிட்டு வாரா. இங்கன வெறும் தாளக் குடுத்தா, புள்ளி எங்க டீச்சர்னு கேக்கா."

சுடலைச்செல்விக்கு மானம் போயிற்று. விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

டீச்சர் திட்டவில்லை. "இனிமே புள்ளி வைக்காதீங்கம்மா. கோணமாணலா எழுதட்டும், திருத்தாதீங்க. யாருகிட்டயாவது சொல்லதுக்கு அவளுக்கு ஒண்ணு இருந்தா, தன்னால எழுதுவா."

டீச்சருக்கென்ன, சொல்லிவிட்டார். நூல் ஒரு இழை பிசகினாலே பிரித்துப்போடுகிறவளிடம் திருத்தாதே என்றால் நடக்கிற காரியமா? அன்று முதல் பிள்ளை வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைச்செல்வி எழுந்து அடுப்படிக்குப் போவாள், வந்து எட்டிப் பார்ப்பாள், வாசலுக்குப் போவாள், மறுபடி வந்து பார்ப்பாள். தாள் அப்படியே கிடக்கும். "எம்மா, ஒரே ஒரு புள்ளி வைம்மா" என்று பிள்ளை கெஞ்சும். ஆவணிக் கல்யாணத்துக்குத் தைக்கவேண்டிய ஜாக்கெட்டில் சுடலைச்செல்வி இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். தையலுக்கு உட்கார்ந்த இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அப்படித் தைத்ததே இல்லை.

பயம்தான் காரணம். எட்டாம் வகுப்பில் பாடத்தை வாசிக்கச் சொல்லி எழுப்பிவிட்டபோது திக்கித் திணறி, வகுப்பே சிரித்து, அதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். தன் பிள்ளையும் அப்படி நின்றுவிடக் கூடாதே என்றிருந்தது. பத்தாம் நாள் பொறுக்கமுடியாமல் பிள்ளையின் முதுகில் இரண்டு அடி வைத்தாள். பிள்ளை அழவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செந்தூர்வேல் கிருஷ்ணகிரியிலிருந்து போன் போட்டான். "பிரியா, அப்பாட்ட பேசுட்டி."

பிள்ளை போனைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். கடைசியில், "நான் எழுதி அனுப்புதேன்" என்றாள்.

பீரோவை ஒட்டிக் குப்புறப் படுத்துக்கொண்டு, கையால் தாளை மறைத்தபடி, முக்கால் மணி நேரம் எழுதினாள். எட்டிப் பார்க்காமல் இருக்க சுடலைச்செல்வி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். எழுதி முடித்ததும் பிள்ளை தாளை நீட்டினாள். எழுத்துகள் ஒன்று யானையாகவும் ஒன்று எறும்பாகவும் தாளின் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன.

'அம்மா அடிச்சா. முதுகு வலிக்கி. அப்பா வா.'

சுடலைச்செல்வி இரண்டு தடவை படித்தாள். இதை அனுப்பாமல் மறைத்துவிடலாம். போனை வைத்திருப்பவள் அவள்தானே. பிள்ளை அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுடலைச்செல்வி படம் பிடித்து அனுப்பிவிட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"ஏளா, பிள்ளைய அடிச்சியா?" செந்தூர்வேலின் குரல் ஏறியிருந்தது.

"அடிச்சேன்."

"எதுக்குளா அடிச்ச?"

"ஏசணும்னா ஏசிக்கிடுங்க. ஆனா அத இன்னொரு தடவ நல்லாப் பாருங்க. ஒரு எழுத்துகூட நான் போட்டுக் குடுக்கல."